சலரோகமும் சமையலறையும்

நீரிழிவு என்றும், சலரோகம் என்றும், வீட்டு வழக்கில் 'சீனி வருத்தம்' என்றும் சொல்லப்படும் நோயை அறியாத குடும்பம் கொழும்பு மாநகரில் இன்று இல்லையென்றே சொல்லிவிடலாம். வெள்ளவத்தையின் மாடிமனைகளிலாயினும், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலாயினும், குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் இன்சுலின் குப்பியோ, சாப்பாட்டு மேசையின் மூலையில் குளிசைப் பெட்டியோ இல்லாத வீடுகள் அருகி வருகின்றன.

2005-2006 ஆம் ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களில் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 100க்கு 10 பேரளவில் இந்நோயுடையோர் எனத் தெரியவந்தது. நகரவாசிகளைத் தனியே பிரித்து நோக்கியபோது அத்தொகை 100க்கு 16 ஆக இருந்தது. அவ்வாறு கண்டறியப்பட்டவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. பின்னர் 2018-2019 இல் நாடு தழுவிய மற்றோர் ஆய்வு நடந்தபோது, வயது வந்தோரில் 100க்கு 23 பேர் நீரிழிவுக்காரராக இருந்தனர். இரு ஆய்வுகளும் ஒரே முறையில் நடந்தவை அல்லவாயினும், நோய் எத்திசையில் செல்கிறதென்பதை அறிய இவை போதும்.

இந்நோயின் மருந்துகளைப்பற்றியும் பத்தியத்தைப்பற்றியும் பத்திரிகைகளில் எழுதப்பட்டவை ஏராளம். நாம் இங்கே பேச எண்ணுவது வேறொன்று. மருந்தும் கிடைத்து, புத்திமதியும் கேட்டு, கிளினிக் கொப்பியுடன் வீடு திரும்பும் ஒருவர், வீட்டுப் படியேறிய பின் என்ன செய்கிறார், அவருக்கு யார் துணை என்பதே அது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குச் செல்லும் ஒருவர், ஒவ்வொரு முறையும் வைத்தியரின் முன்னிலையில் 10 நிமிடம் இருக்கிறாரென்று வைத்துக்கொள்வோம். (காலை முழுவதும் வாங்கில் காத்திருந்து பழகிய வாசகர்கள் இந்தப் 10 நிமிடக் கணக்கைக் கேட்டு நகைக்கக்கூடும், இருக்கட்டும்.) ஆண்டுக்கு 120 நிமிடம், அதாவது 2 மணி நேரம் ஆகிறது. ஓராண்டில் உள்ளவையோ 8,760 மணி. எஞ்சிய 8,758 மணி நேரமும் அந்த நோயாளிக்கு வைத்தியர் யார்?

அவரேதான். அவரோடு, நம்மவர் இல்லங்களைப் பொறுத்தவரையில், அரிசி அளந்து உலையிலிடும் கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இது புதிய கருத்தன்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எலியட் ஜொஸ்லின் என்றொரு வைத்தியர் இருந்தார். அவருடைய அன்னையும் நீரிழிவுக்காரர். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே, 1918 இல், வைத்தியருக்கும் நோயாளிக்கும் பொதுவானதென்று அவர் ஒரு கைநூல் எழுதி வெளியிட்டார். வைத்திய நூலை நோயாளியின் கையில் கொடுப்பது அக்காலத்தில் வழக்கமல்லாத செயல். 1922 ஜனவரியில் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அந்த அற்புத மருந்து வந்துவிட்டதே, இனிக் கல்வி எதற்கென்று ஜொஸ்லின் எண்ணவில்லை. முன்னிலும் தீவிரமாகப் போதிக்கலானார். பயிற்சி பெற்ற தாதியரை நோயாளரின் வீடுகளுக்கே அனுப்பினார். நீரிழிவுக்காரர் மூன்று குதிரைகள் பூட்டிய தேரைச் செலுத்துபவர். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்பனவே அக்குதிரைகள் என்று அவர் கூறுவதுண்டு. கடிவாளம் வைத்தியர் கையில் அன்று, தேரோட்டியின் கையில்தான் என்பது அவ்வுவமையின் உட்பொருள்.

அக்காலத்து நோயாளர் தம் சிறுநீரைத் தாமே சோதித்தனர். பெனடிக்ற் திரவத்தில் சில துளி சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்தால், சீனி இல்லையெனில் நீலம் நீலமாகவே நிற்கும். மிகுந்திருப்பின் செங்கல் நிறம் காட்டும். இன்று விரல் நுனியில் ஒரு துளி இரத்தத்துடன் அரை நிமிடத்துக்குள் குளுக்கோமீற்றர் கணக்குச் சொல்லிவிடுகிறது. கருவி எளிதாகிவிட்டது. ஆனால் கண்ட கணக்கை வைத்து என்ன செய்வதென்பது மட்டும் பலருக்குக் கற்பிக்கப்படவில்லை.

ஆகவேதான் ஒரு விநோதம் நிகழ்கிறது. கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே வீட்டில் பத்தியம் தொடங்கிவிடும். சோறு குறையும், பலகாரம் மறையும், பாகற்காய் வரும். பரீட்சைக்கு முதல்நாள் கண்விழித்துப் படிக்கும் மாணவனின் கதைதான். வெறுவயிற்றுச் சோதனையில் கணக்கு நன்றாக வந்துவிட, அன்று மாலையே கொண்டாட்டமாய்ப் பால்தேநீரும் வடையும். ஆனால் எச்பிஏ1சி என்னும் சோதனையை இவ்விதம் ஏமாற்ற முடியாது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அத்தனை நாளும் இரத்தத்திலிருந்த சீனியின் சுவடு அதிற் படிந்திருக்கும். கடந்த இரண்டு மூன்று மாத வாழ்க்கை முழுவதையும் அது எழுதிக் காட்டிவிடுகிறது.

இத்தகைய நோயாளர் பொய்யர்கள் அல்லர். ஏச்சு வாங்க அஞ்சுபவர்கள். சோதனையை விசாரணையாகவும், கிளினிக் கொப்பியைக் குற்றப்பத்திரிகையாகவும் ஆக்கிவிட்ட பின், உண்மையை மறைக்காமல் வேறென்ன செய்வார்கள்? வீட்டிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே. "இஞ்சாருங்கோ, உங்களுக்குத்தானே டொக்டர் வேண்டாமெண்டு சொன்னவர்!" என்று வாழைப்பழத்தைப் பறிப்பதைத் துணையென்று எண்ணுகிறோம். பறிக்கப்பட்ட பழத்துக்குப் பதிலாக முச்சந்திக் கடையிலே இரண்டு பணிஸ் போய்விடுவதை நாம் அறிவதில்லை.

அவ்வாறாயின் துணையென்பது எது? இதற்கு விடை காண முயன்றவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேற் லோரிக் என்னும் அம்மையார். மூட்டுவாதக்காரருக்கென அவர் தொடங்கிய வகுப்புகள், பின்னர் நீரிழிவு, இருதய நோய், மூச்சுப்பை நோய் முதலிய எல்லா நாட்பட்ட நோய்களுக்கும் பொதுவாக விரிந்தன. வாரத்துக்கு இரண்டரை மணி நேரமாக 6 வாரம். வகுப்பை நடத்துவோர் வைத்தியர் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். அவர்களிலும் ஒருவரேனும் தாமே நாட்பட்ட நோயுடையவராக இருக்க வேண்டும். 1999 இல் வெளியான அவர்களது பரிசோதனை முடிவில், வகுப்புக்கு வந்தோர் ஆறு மாதத்தின் பின் உடல்நிலையில் முன்னேறியிருந்ததும், வைத்தியசாலையில் தங்கிய நாட்கள் குறைந்திருந்ததும் தெரியவந்தன.

அவ்வகுப்பின் சூட்சுமம் மிகச் சிறியது. 'இனி நன்றாக நடப்பேன்' என்ற சபதத்தை அங்கே ஏற்றுக்கொள்வதில்லை. என்ன செய்வீர், எவ்வளவு செய்வீர், எப்பொழுது, வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்பார்கள். 'திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரை மணிக்கு இராமகிருஷ்ண வீதி முனையிலிருந்து கடற்கரையோரமாக 20 நிமிடம் நடப்பேன்' என்று ஒரு வெள்ளவத்தைவாசி சொன்னால் அது திட்டம். அடுத்த கேள்வி: 'இதைச் செய்து முடிப்பீர் என்பதில் உமக்கு எவ்வளவு நம்பிக்கை? பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண் சொல்லும்.' ஏழுக்குக் குறைந்தால் நோயாளியைக் கண்டிப்பதில்லை, திட்டத்தைத்தான் சிறிதாக்குவார்கள். 20 நிமிடம் 10 நிமிடமாகும். மூன்று நாள் இரண்டாகும். செய்து முடித்த சிறு காரியமே அடுத்த காரியத்துக்குத் தைரியம் தருகிறதென்பது அவர்கள் கண்டது. நம்மவர்க்கு இம்முறை சற்றே வேடிக்கையாகத் தோன்றலாம். தம் தந்தையாரிடம் 'பத்துக்கு எத்தனை?' என்று கேட்கும் துணிவு எந்த மகளுக்கு வரும்! ஆயினும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

கொட்டாஞ்சேனைக்காரரின் நிலை வேறு. அங்கே காற்று வாங்க நெடிய கடற்கரைச் சாலை இல்லை. மாலை வேளையில் ஜம்பட்டா வீதியில் நடப்பதென்றால் வாகனங்களுக்கிடையே வழி தேட வேண்டும். அவருடைய திட்டம் விடியற்காலைக்கு உரியதாகவோ, மாடிப்படியை நம்பியதாகவோ இருக்கட்டும். ஊருக்கேற்ற திட்டமே நிலைக்கும்.

நடையினால் ஆவதென்ன என்று ஐயுறுவோருக்குச் சென்னைச் செய்தியொன்றைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் நீரிழிவுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவை 1948 இல் ஸ்ரான்லி வைத்தியசாலையில் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். 1954 இல் இராயபுரத்தில் இந்நோய்க்கெனவே மருத்துவமனை நிறுவியவரும் அவரே. அந்நகரில் வளர்ந்த ஆராய்ச்சி மரபில் டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006 இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான புத்திமதி மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் சீராக்கத் தொடர்ந்து துணை பெற்றவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. நம் போன்ற உடல்வாகும் நம் போன்ற சோறும் உடையவர்களிடையே கண்ட முடிவு இது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கொழும்பிலும் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. டாக்டர் மஹேன் விஜேசூரிய முதலானோர் நடத்தி 2017 இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், நோய் வரக்கூடிய இளையோர்க்குப் புத்தி சொன்னவர்கள் வைத்தியர் அல்லர், பயிற்றப்பட்ட சகபாடிகள். ஆண்டுக்கு ஒருமுறை ஆலோசனை பெற்றவர்களைக் காட்டிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெற்றவர்கள் பயனடைந்தார்கள். அடிக்கடி சந்தித்தமையே வேறுபாடு. இலங்கை மருத்துவச் சங்கத்தின் 'நிரோகி லங்கா' திட்டத்தின் கீழ் தாதியர் பலர் நீரிழிவுக் கல்வியில் தனிப்பயிற்சி பெற்றுள்ளனர். உங்கள் கிளினிக்கில் அப்படியொருவர் இருக்கிறாரா என்று கேட்டறிந்துகொள்ளுங்கள். வைத்தியரிடம் கேட்க நேரமில்லாத கேள்விகளுக்கு உரியவர் அவர்தான்.

இனிச் சமையலறைக்கு வருவோம்.

இலங்கையர் உண்ணும் உணவின் சக்தியில் ஏறத்தாழ 70 வீதம் மாப்பொருளிலிருந்தே வருகிறதென ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். சீனியை நிறுத்தினேன், ஆனாலும் கணக்குக் குறையவில்லையே என்று வருந்துவோர் இதை உணர்வதில்லை. தேநீரில் விடாத ஒரு கரண்டிச் சீனியை இடியப்பத் தட்டு பன்மடங்காகத் திருப்பித் தந்துவிடுகிறது. சிவப்பரிசி நல்லது, குரக்கன் நல்லது, ஆட்டா மா நல்லது என்பவை மெய்யே. ஆனால் 'நல்லது' என்ற சொல்லுக்கு நம் இல்லங்களில் 'வேண்டிய மட்டும் உண்ணலாம்' என்ற பொருள் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. குரக்கன் புட்டும் புட்டுத்தான். நீத்துப்பெட்டியின் அளவே கணக்கு. வல்லாரையையும் பாகற்காயையும் பற்றி நாம் குறைகூற வரவில்லை. குளிசையை நிறுத்திவிட்டு அவற்றை மட்டும் நம்புவோரைப்பற்றியே கவலை.

எளிய வழி, கோப்பையைக் கண்ணாற் பிரிப்பது. பாதி கோப்பை மரக்கறியும் இலைவகையும், காற்பங்கு சோறு, மற்றைய காற்பங்கு மீனோ முட்டையோ பருப்போ கடலையோ. இதற்குத் தராசும் வேண்டாம், தனிச் சமையலும் வேண்டாம். தனிச் சமையல் என்பதையே நாம் வெறுக்கிறோம். ஒருவருக்கு மட்டும் உப்புச் சப்பில்லாமல் ஆக்கி, ஏனையோர் நெய்மணக்க உண்ணும் மேசையில் எந்தப் பத்தியமும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது. நீரிழிவுக்காரருக்கு ஏற்ற உணவு வீட்டார் அனைவருக்கும் ஏற்ற உணவே. அதிலும் அவருடைய பிள்ளைகளுக்கு மிக ஏற்றது. அவர்களுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகமல்லவா?

சமையல் செய்பவரே நோயாளியாகிவிட்டால் நிலைமை இன்னும் கடினம். எல்லோர்க்கும் பரிமாறி, எல்லோரும் உண்டபின் எஞ்சியதை, அதுவும் நேரந்தவறி உண்பவர் நம் வீட்டுத் தாய்மார். இன்சுலின் ஏற்றுபவர்க்கும், சீனியை வேகமாய்க் குறைக்கும் சிலவகைக் குளிசை உண்பவர்க்கும் அது ஆபத்து. கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, காரணமற்ற சினம் ஆகியவை தோன்றினால், சீனி தாழ்ந்துவிட்டதோ என்று உடனே எண்ண வேண்டும். குளுக்கோமீற்றரில் டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் காட்டுமாயின், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். குறைவாகவே இருந்தால் மறுபடியும் அவ்வாறே. பின்னர் ஏதேனும் உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். இந்தச் சில வரிகளை வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரியுமாறு சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுவது நன்று.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசமிருக்கும் தாய்மார், நோன்பு பிடிக்கும் முஸ்லிம் அன்பர்கள் ஆகியோர் தமது விருப்பத்தை வைத்தியருக்குச் சொல்லாமல் மறைப்பதுண்டு. வேண்டாமென்று தடுத்துவிடுவாரோ என்ற பயம். முன்கூட்டியே சொன்னால் மருந்தின் அளவையும் வேளையையும் அவர் மாற்றியமைப்பார். சிலருக்கு உண்மையிலேயே வேண்டாமென்பார். மறைத்தால் இரண்டும் இல்லை.

பாதங்களைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். நெடுநாள் நீரிழிவு பாதத்தின் உணர்ச்சி நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில் முழுதும் கருங்கல்லாலானது. உச்சி வெயிலிற் காய்ந்த கல்லில் பிரதட்சிணம் செய்யும் நல்ல பாதம் தானே துள்ளி நகரும். உணர்விழந்த பாதம் நின்று நிதானமாக வெந்து, மறுநாள் கொப்புளத்தைக் கண்டே செய்தியறியும். ஆடிவேல் தேரின் பின்னே காலி வீதித் தார்மீது வெறுங்காலுடன் நடப்போர்க்கும் இதுவே நிலை. கொப்புளம் புண்ணாகி, புண் ஆழமாகி, விரலையும் காலையும் இழந்தோர் நம்மிடையே உண்டு. கல் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் கும்பிடச் செல்வதற்குத் தெய்வம் குறைசொல்லாது. இரவில் படுக்குமுன் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிக்கால் ஆகியவற்றைப் பார்க்க ஒரு சிறு கைக்கண்ணாடி போதும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாத உணர்ச்சியையும் கண்ணின் உட்திரையையும் சோதிக்கும்படி கிளினிக்கில் கேட்டுப் பெறவேண்டும். கேளாதவர்க்கு நெரிசலில் அது தவறிப்போகலாம்.

கேட்பதென்பது தமிழருக்குக் கொழும்பில் இரட்டைச் சுமை. வைத்தியர் சிங்களத்தில் பேச, மருந்துறையில் ஆங்கிலம் இருக்க, நோயாளி தலையாட்டிவிட்டு வெளியேறும் காட்சியை யாவரும் கண்டிருக்கிறோம். தலையாட்டியது விளங்கியதாலன்று, மரியாதையால். மொழி தெரிந்த பேரப்பிள்ளையை ஒருமுறையேனும் உடன் அழைத்துச் செல்லலாம். முந்திய இரவே கொப்பியின் கடைசித் தாளில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போகலாம். பத்துக் கேள்வி எழுதினால் ஒன்றும் நடவாது. புறப்படுமுன், "நான் விளங்கிக்கொண்டது இதுதான், சரியா?" என்று திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம். பெரும்பாலான தவறுகள் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

2022 ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். மருந்துத் தட்டுப்பாடு ஒருபுறம். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு மறுபுறம். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருக்கவேண்டிய இன்சுலின் என்னாவது என்று வீடுதோறும் கலங்கினார்கள். திறந்து பாவனையிலுள்ள குப்பி அறைவெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாதிருக்கும் என்பதையும், ஈரமணல் சூழ்ந்த மண்முட்டிக்குள் வைத்தால் வெளி வெப்பத்திலும் சில பாகை குளிர்ச்சியாகவே இருக்கும் என்பதையும் அறிந்திருந்தவர்கள் பதறவில்லை. அறியாத சிலர் குப்பியைப் பனிக்கட்டியிலேயே புதைத்துவிட்டார்கள். உறைந்த இன்சுலின் பயனற்றது.

கடைசியாக, வெள்ளவத்தைக்கே உரிய ஒரு நிலைமை. பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும். தாயோ தந்தையோ நான்காம் மாடியில் தனியே. பிள்ளைகள் நாள்தோறும் தொலைபேசியில், "அம்மா, குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்கிறார்கள். "ஓம் பிள்ளை" என்ற விடையோடு பேச்சு முடிகிறது. தொலைபேசி வீண் என்று நாம் சொல்லவில்லை. தென்னிந்தியாவில் 537 ஆடவரிடையே நடந்து 2013 இல் வெளியான ஆய்வில், நடையையும் உணவையும் நினைவூட்டும் குறுஞ்செய்தி பெற்று வந்தோரில் இரண்டு ஆண்டுகளில் 100க்கு 18 பேருக்கே நோய் வந்தது, பெறாதோரில் 27. ஆனால் விடை 'ஓம்' என்று முடியாத கேள்வியாய் இருக்கவேண்டும். "இண்டைக்கு என்ன கறி வச்சனீங்கள்? ஆரோடை நடந்தனீங்கள்?" என்று கேட்டால் கதை நீளும், கதையிலே உண்மை வரும்.

'ஆரோடை' என்ற கேள்விக்கு விடை அதே மாடியில், எதிர்க்கதவின் பின்னே இருக்கக்கூடும். சீனி வருத்தமுள்ள இரண்டு வயோதிப மாதர் ஒரே மாடியிலிருந்தும், மின்தூக்கியிற் கண்டு முறுவலிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். மாலையில் இருவருமாகக் கடற்கரைக்கு இறங்கலாம். ஒருவர் வராத நாளில் மற்றவர் கதவைத் தட்டிப் பார்க்கலாம். குனிந்து கண்ணாடி பிடிக்க முதுகு இடங்கொடாவிட்டால், ஒருவர் பாதத்தை மற்றவர் பார்த்துச் சொல்லலாம்.